ஜமாவுக்கு அரசுப் பணம்: திருத்தணி வட்டாரக் கலைஞர்கள் தட்ட வேண்டிய கதவுகள்

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் கூத்துக்கு முதல் நிதி ஊர்வரிதான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பதென்று ஊர் கூடி முடிவெடுக்கிறது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாளில் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி. கூத்துக் குழுவான ஜமாவின் வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கோடு வைக்கும் முன்பணமும் அந்த வரியிலிருந்தே வருகிறது. எந்த அரசுத் திட்டமும் பிறப்பதற்கு முன்பே இருந்த ஏற்பாடு இது. இன்றும் வேஷம் கட்டுகிறவருக்குச் சோறு போடுவது இதுவே.

ஆனால் ஊர்வரி எட்டாத இடங்கள் மூன்று உண்டு. ஒன்று, மழைமாதங்கள். தை, மாசியில் தொடங்கும் கூத்து ஆடி, ஆவணியோடு ஓய்ந்துவிடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஜமாவுக்கு வேலை இருக்காது. இரண்டாவது, முதுமை. குரல் போன பிறகு எந்த ஊரும் வெற்றிலை பாக்கு வைக்காது. மூன்றாவது, கற்றுக்கொடுக்கும் காலம். ஒரு பையன் அடவும் பாட்டும் பிடிக்க ஆகும் ஆண்டுகளுக்கு யாரும் கூலி தருவதில்லை. அரசுப் பணத்தை இந்த மூன்றுக்கும் கேளுங்கள். இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு திட்டத்தையும் இந்த மூன்றில் எதற்கு உதவும் என்று பார்த்தே எடைபோட்டிருக்கிறேன். கூத்தை முன்வைத்துச் சொன்னாலும், பம்பை உடுக்கைக் குழு, நாதஸ்வரம், தவில், பறை, கரகம், பொய்க்கால் குதிரை என்று எந்தக் கலையில் இருப்பவருக்கும் இவை பொருந்தும்.

எல்லையில் இருப்பதால் வரும் சிக்கல்

தமிழ்நாட்டில் கலைக்கென்று அரசு வைத்த பழைய அமைப்புகளில் ஒன்று, 1955-இல் சென்னை மாநில சங்கீத நாடகச் சங்கம் என்ற பெயரில் தொடங்கியது. இன்று அதுதான் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். அது தொடங்கிய ஆண்டில் திருத்தணி ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் குழுவின் பரிந்துரை, 1959-இன் எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1-இல்தான் இந்த ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு மாறியதே தவிர, கூத்து பார்க்கிறவர்களும் ஆடுகிறவர்களும் கோட்டின் இரண்டு பக்கமும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

இதனால் நடைமுறையில் ஒரு தொல்லை உண்டு. நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேரும் முகவீணைக்காரரோ பெண்வேஷக்காரரோ உங்கள் ஜமாவில் இருக்கலாம். ஆந்திர முகவரியில் ஆதார் வைத்திருப்பவர் தமிழ்நாட்டு நல வாரியத்தில் சேர முடியாது. அவரையும் பட்டியலில் சேர்த்து மனு கொடுத்தால் மனு முழுவதும் திரும்பி வரும். மாநிலத் திட்டங்களுக்குத் தமிழ்நாட்டு முகவரிக்காரர்களின் பட்டியலைத் தனியாக வையுங்கள். அவரை விட்டுவிடவும் வேண்டாம். தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையம் மத்திய அரசுடையது, 1986 முதல் இயங்குகிறது. தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டும் அதன் எல்லைக்குள் அடங்கும். கலந்த ஜமாவுக்குப் பொருத்தமான கதவு அதுதான்.

இன்னொன்று, பெயர். தெலுங்கு வீட்டுப்பெயர் ஆதாரில் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் இருக்காது. குடும்ப அட்டையில் எழுத்து வேறாக இருக்கும். வயதான பல கலைஞர்களின் ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருக்கும். ஆண்டும் குத்துமதிப்பாகப் போட்டதாக இருக்கும். வயது வரம்பு வைத்துக் கொடுக்கும் உதவிக்கு அந்த ஆண்டு இரண்டு மூன்று தள்ளிப்போனாலே வாய்ப்பு போய்விடும். எந்த விண்ணப்பத்துக்கும் முன்னால் இந்த மூன்று காகிதங்களிலும் பெயரும் பிறந்த ஆண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். திருத்தத்துக்கு நாளாகும். மழைமாதத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

சங்கமாகப் பதிந்துகொள்வது

நம் ஜமாக்கள் பலவற்றுக்கு ஏற்கெனவே ‘நாடக மன்றம்’ என்று பெயர் இருக்கிறது. நோட்டீசில் அச்சடித்திருப்பார்கள், வண்டியில் எழுதியிருப்பார்கள். பதிவு மட்டும் இருக்காது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். துணைவிதி ஒன்றை எழுதி, தலைவர், செயலாளர், பொருளாளர் யார் என்று தீர்மானித்து, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். துணைவிதியில் நோக்கம் என்ற இடத்தில் ‘கலை வளர்ப்பது’ என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகாதீர்கள். தெருக்கூத்து நிகழ்த்துதல், பயிற்றுவித்தல், வேஷப் பொருள்கள் செய்தல், ஆவணப்படுத்துதல் என்று தனித்தனியாக எழுதுங்கள். பின்னால் ஒரு நிதி கேட்கும்போது அந்த வேலை உங்கள் நோக்கத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவார்கள்.

பதிந்ததோடு வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். மத்திய அரசின் நிதிக்குப் போகிறவர்களிடம் மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கைக் கேட்பார்கள். நிதி ஆயோக்கின் தர்பன் தளத்திலும் சங்கத்தைப் பதிந்திருக்க வேண்டும். இன்று பதிகிற ஜமா பெரிய தொகை கேட்க மூன்று ஆண்டு காத்திருக்கத்தான் வேண்டும். அதனால்தான் இன்றே பதியச் சொல்கிறேன்.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு கூத்துக்கு எந்த ஊர், எந்த நாள், என்ன கதை, எவ்வளவு பணம், யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால் தணிக்கையாளருக்கு அது போதும். திருவிழா நோட்டீசுகளை அந்த நோட்டிலேயே ஒட்டிவையுங்கள். இருபது ஆண்டு ஆடியதற்கு வேறு சாட்சி கிடையாது. ஒரு வாத்தியாரின் பெயர் அச்சான பழைய பாரத நோட்டீஸ், அலுவலகத்தில் எந்தப் பாராட்டுச் சான்றிதழையும்விட எடை கூடியது.

வாரிய அட்டை

தனி மனிதராக ஒவ்வொரு கலைஞரும் முதலில் எடுக்க வேண்டியது, 2007-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் உறுப்பினர் அட்டை. பதினெட்டு வயது நிறைந்தவர்கள் சேரலாம்; அறுபதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக்கண்ணாடி, விபத்து, இயற்கை மரணம், ஈமச்சடங்கு ஆகியவற்றுக்கு உதவி உண்டு. தொகைகள் சிறியவைதான். இருந்தாலும், நீங்கள் கலைஞர் என்று அரசு ஒப்புக்கொண்ட முதல் காகிதம் அந்த அட்டை. மற்ற கதவுகள் எல்லாம் அதைக் கேட்டுத்தான் திறக்கின்றன.

பெண்வேஷம் கட்டுகிறவர் விண்ணப்பத்தில் ஒட்டும் படத்தை அரிதாரத்தோடு எடுத்துவிடாதீர்கள். முகம் தெரியும் படம் ஒன்று, வேஷத்தோடு ஆடும் படம் ஒன்று என்று இரண்டும் வேண்டும். பின்பாட்டுக்காரர், மிருதங்கக்காரர், ஆர்மோனியக்காரர் ஆகியோரை ஜமாவில் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர்களும் கலைஞர்கள்தான், அவர்களுக்கும் அட்டை எடுங்கள். பகலில் விசைத்தறிக்குப் போய் இரவில் ஆடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சொல்: நீங்கள் ஏற்கெனவே வேறொரு தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால், இரண்டிலும் ஒரே உதவியைக் கேட்காதீர்கள். எது கூடுதல் என்று பார்த்து ஒன்றில் கேளுங்கள்.

திருவள்ளூர் மாவட்டம் கலை பண்பாட்டுத் துறையின் காஞ்சிபுரம் மண்டலத்தில் வருகிறது. மண்டலக் கலை பண்பாட்டு மையம் காஞ்சிபுரத்தில் சதாவரம் பக்கம் இருக்கிறது. திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் அரக்கோணம் வந்து, செங்கல்பட்டு வண்டி பிடித்துக் காஞ்சிபுரத்தில் இறங்கலாம். பலர் நேரே சென்னைக்குப் போய் எழும்பூரில் உள்ள இயக்குநர் அலுவலகத்தில் நின்றுவிட்டு, காஞ்சிபுரத்துக்குப் போகச் சொன்னார்கள் என்று திரும்புகிறார்கள். முதல் மனு மண்டலத்துக்கே போகட்டும்.

முதுமைக்கு

இயல் இசை நாடக மன்றம், நலிந்த நிலையில் இருக்கும் மூத்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவி தருகிறது. மன்றம் இருப்பது சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில், பழைய கிரீன்வேஸ் சாலையான பி.எஸ். குமாரசாமி ராஜா சாலையில், ‘பொன்னி’ கட்டடம். பறக்கும் ரயிலில் கிரீன்வேஸ் சாலை நிலையத்தில் இறங்கலாம். வருமானச் சான்று திருத்தணி வட்டாட்சியரிடமிருந்து இ-சேவை மையம் வழியாக வரும். அது காலாவதியாகிவிடும் என்பதால் விண்ணப்பிக்கும் பருவத்தில் வாங்குங்கள், முன்கூட்டியே வாங்கி வைக்காதீர்கள்.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகம், அறுபது வயது தாண்டிய மூத்த கலைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வரை கொடுக்கிறது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. மாநில உதவியை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு இதற்குப் போங்கள். மாநில ஆணையின் நகலை அங்கே கேட்பார்கள்.

ஜமாவின் பொறுப்பு இங்கேதான் பெரியது. இருக்கும் உதவியை வாங்காமலே போய்ச் சேர்ந்த வாத்தியார்கள் இந்த வட்டாரத்தில் பலர். கர்ணன் வேஷத்தில் விடிய விடிய நின்றவருக்கு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லாமல் போவது ஊருக்கே அவமானம். ஜமாவில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரை இந்த வேலைக்கென்று நியமியுங்கள். அவருக்கு ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை.

விருதுகள்

மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டக் கலை மன்றம் வயதுவாரியாக ஐந்து விருதுகள் தருகிறது. 18 வயது வரை கலை இளமணி, 4,000 ரூபாய். 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 6,000. 36 முதல் 50 வரை கலைச்சுடர்மணி, 10,000. 51 முதல் 65 வரை கலை நன்மணி, 15,000. 66-க்கு மேல் கலை முதுமணி, 20,000. கலைமாமணியோ தேசிய விருதோ மாவட்டக் கலை மன்ற விருதோ ஏற்கெனவே வாங்கியவர்கள் விண்ணப்பிக்க முடியாது. அறிவிப்பு ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பாக நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் சிறிதாக வரும்.

தொகையை நம்பி இதற்குப் போகாதீர்கள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் ஒரு செட்டு புதிதாகச் செய்ய நினைத்தால் இந்தப் பணம் பற்றாது. சான்றிதழுக்காக வாங்குங்கள். குறிப்பாகப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். பதினாறு வயதில் கலை இளமணி வாங்கிய பையன், 18 முதல் 25 வயதுக்கான மத்திய அரசின் இளம் கலைஞர் உதவித்தொகைக்குப் போகும்போது அந்தச் சான்றிதழ் பேசும். அந்த உதவித்தொகை மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு.

கற்றுக்கொடுக்க

மூன்று குறைகளில் இதுவே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர் ராஜகோபால் முதலியோர் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தார்கள். 2002-இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் குருகுலம் தொடங்கி, பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆண்களே ஆடிவந்த களத்தில் அங்கே பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அந்தக் குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டு நடந்த ஒரு நல்ல பள்ளியைத் தொடர்ந்து தாங்கும் பொதுநிதி நம்மிடம் அமையவில்லை. நம் அரசுத் திட்டங்கள் நிகழ்ச்சிக்கு, விருதுக்கு, கருவி வாங்க என்று துண்டு துண்டாகப் பணம் தருகின்றன. ஆண்டுக்கணக்கில் பயிற்சிக்குக் கொடுப்பது குறைவு.

இருப்பதில் பெரியது மத்திய அரசின் குரு–சிஷ்ய மரபு நிதி. தேர்வான குழுவில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாயும் சிஷ்யர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரையும் தருகிறார்கள். பதிவும் தணிக்கைக் கணக்கும் தர்பன் எண்ணும் இதற்குத்தான் முதன்மையாக வேண்டும். இதைவிடச் சிறியதாக, எளியதாக ஒன்று வேண்டுமென்றால் தஞ்சாவூர் மையத்தின் குரு–சிஷ்யப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. நலிந்துவரும் கலைக்கு முன்னுரிமை கிடைப்பதால் முகவீணை, பாரதப் பிரசங்கம் போன்றவற்றுக்குக் கேளுங்கள். ‘தெருக்கூத்துப் பயிற்சி’ என்று பொதுவாகக் கேட்கும் நூறு மனுக்களுக்கு நடுவில், முகவீணை வாசிக்க நான்கு பேரை உருவாக்குவோம் என்ற மனு கண்ணில் படும். நம் வட்டாரத்தின் உண்மையான தேவையும் அதுவே. முகவீணைக்காரர் வராத இரவில் ஆர்மோனியத்தை மட்டும் வைத்து ஒப்பேற்றும் ஜமாக்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

மழைமாதங்களுக்கு

சென்னை சங்கமம் 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 பொங்கலின்போது ‘நம்ம ஊரு திருவிழா’ என்று கலை பண்பாட்டுத் துறையால் திரும்ப நடத்தப்பட்டது. அதற்கும் அதுபோன்ற விழாக்களுக்கும் குழுக்களை ஐந்து நிமிட வீடியோ எடுத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். விடிய விடிய ஆடும் கலையை ஐந்து நிமிடத்தில் காட்டுவது கொடுமைதான். இருந்தாலும் அதற்கென்று ஒரு துண்டைத் தயார் செய்துவையுங்கள். கட்டியக்காரன் வந்து விருத்தம் பாடிக்கொண்டிருப்பதிலேயே நான்கு நிமிடம் போய்விடும்; திரைக்குள்ளிருந்து வேஷம் வெளிப்படும் தருணத்திலிருந்து தொடங்குங்கள்.

செய்தி மக்கள் தொடர்புத் துறையும் மத்திய மக்கள் தொடர்பகமும் விழிப்புணர்வுப் பிரசாரத்துக்குக் கலைக்குழுக்களை அமர்த்துகின்றன. டெங்கு, வாக்காளர் பதிவு, போதை ஒழிப்பு என்று பொருளை அவர்களே தருவார்கள். மழைமாதத்தில் கைக்குப் பணம் வரும் என்பதால் செய்யலாம். ஆனால் அதையே ஜமாவின் முழுவேலையாக்கிக்கொள்ளாதீர்கள். பதினைந்து நிமிட நாடகத்துக்குப் பழகிய உடம்பு பதினெட்டாம் போருக்குத் தாங்காது.

கோயிலும் கட்டடமும்

திருத்தணி முருகன் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் இணை ஆணையர் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படித்திருவிழாவுக்கும் லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. காவடிக்காரர்களோடு வரும் பம்பைக் குழுக்களுக்குப் பக்தர்கள் பணம் கொடுக்கிறார்கள். கோயில் மேடையில் உள்ளூர்க் கூத்துக்கு ஓர் இரவு வேண்டும் என்றால் நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். கோயிலின் கணக்காண்டு பசலி. ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஆடிக்குக் கேட்க நினைத்து ஆனியில் மனு கொடுத்தால் வரவுசெலவுத் திட்டம் முடிந்திருக்கும். மாசி, பங்குனியிலேயே கொடுங்கள். வள்ளி திருமணம் இந்த மலைக்கு உரிய கதை. அதைக் கூத்தாக முன்வைத்தால் மறுப்பதற்குக் காரணம் தேடுவது கடினம்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியிலும், அரக்கோணம் மக்களவைத் தொகுதிக்குள் வருவதால் அந்த உறுப்பினரின் நிதியிலும் நாடக மேடை கேட்கும் ஊர்கள் பல. அந்தப் பணம் நிலையான சொத்துக்கு மட்டும்தான் போகும். ஆடுகிறவர் கைக்கு ஒரு ரூபாயும் வராது. என் கருத்தில், கூத்துக்குக் கான்கிரீட் மேடை அவ்வளவு அவசியமும் இல்லை. களரியில் மூன்று பக்கமும் சனம் சூழ்ந்திருப்பதே அதன் அழகு. கட்டித்தான் ஆவோம் என்றால், வேஷம் கட்டிக்கொள்ளவும் கலைஞர்கள் பகலில் படுக்கவும் ஓர் அறை, கழிப்பறை, தண்ணீர் மூன்றையும் மனுவிலேயே எழுதுங்கள். பெண் கலைஞர்கள் வர வேண்டுமென்றால் அவை மேடையைவிட முக்கியம்.

கேட்டும் பதில் வராதபோது

மனு கொடுத்தால் ஒப்புகைச்சீட்டு வாங்காமல் வராதீர்கள். பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போகலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்தத் திட்டத்தில் எத்தனை கலைஞர்களுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, அதில் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டங்களுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த எண் கையில் இருந்தால் அடுத்த மனு வேறு மாதிரி இருக்கும்.

அமெரிக்காவில் தேசியக் கலை நிதியத்தின் மானியப் பணத்தில் நாற்பது விழுக்காட்டை மாநிலக் கலை அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அவை அதைக் கிராமப்புற மாவட்டங்கள்வரை கொண்டுபோகின்றன. நம்மிடம் மாவட்டக் கலை மன்றம் என்ற அமைப்பு ஏற்கெனவே ஆட்சியர் தலைமையில் இருக்கிறது. அதன் கையில் விருதுப் பணத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வட்டத்துக்கு ஒரு பயிற்சி முகாம் நடத்த, வாத்தியார்களுக்கு மதிப்பூதியத்தோடு, அந்த மன்றத்துக்குத் தனி நிதி ஒதுக்க வேண்டும். இதை ஒரு ஜமா கேட்டால் காதில் விழாது. மூன்று வட்டத்து ஜமாக்களும் பம்பைக் குழுக்களும் மேளக்காரர்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு, இந்த மழைமாதத்திலேயே ஆட்சியரிடம் கொடுங்கள்.